மீன் ரவுண்டானாவில் வந்துகொண்டிருப்பவர்கள்

பாண்டித்துரை சுற்ற ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வண்டி போனதற்கும் பள்ளிக்கூட வேன்கள் வருவதற்கும் இடைப்பட்ட நேரத்தில். அதுவரை எங்கள் ஊர் ஆண்கள் போனில் மட்டும்தான் வந்துகொண்டே இருந்தார்கள். குளிக்காமல் கட்டிலில் புரண்டபடி வந்துகொண்டே இருந்தார்கள், டீக்கடை பெஞ்சில் கால் மேல் கால் போட்டபடி வந்துகொண்டே இருந்தார்கள், பக்கத்து ஊரில் சீட்டாட்டத்தின் நடுவில் "இதோ முக்குல திரும்பிட்டேன்" என்று வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் போட்ட காபி ஆறி, சூடாகி, மறுபடி ஆறி, கடைசியில் அதை நாமே குடித்துத் தொலைத்திருக்கிறோம். அதனால் ஒருத்தன் நிஜமாகவே வந்துகொண்டே இருந்தபோது ஊரில் யாரும் வாயைப் பிளக்கவில்லை என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

மீன் ரவுண்டானா என்பது எங்கள் ஊரின் நான்கு ரோடுகளும் வந்து முட்டும் இடம். நடுவில் ஒரு சிமென்ட் மீன் வாலைத் தரையில் ஊன்றி வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அந்த வாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும் என்பது நகராட்சியின் திட்டம். திறப்பு விழா அன்று ஒரே ஒரு தடவை அடித்தது, திறந்து வைக்க வந்தவரின் வெள்ளைச் சட்டையை நனைத்தது, அதோடு அந்த மீன் வாயைத் திறந்தபடியே மௌனமாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கோ, மார்க்கெட்டுக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, பைபாஸுக்கோ எங்கே போனாலும் அந்த மீனை ஒரு சுற்றாவது சுற்றித்தான் போக வேண்டும்.

வண்டி ஓட்டும்போது செல்போன் பேசக் கூடாது என்ற சட்டமும் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. மீனுக்கு எதிரிலேயே ஒரு போர்டாக அது ரொம்ப காலமாக நின்றுகொண்டிருந்தது, அதன் மேல் யாரோ மூல நோய் வைத்தியத்துக்கு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முந்தைய இன்ஸ்பெக்டர் மாதக் கடைசியில் மட்டும் அந்தச் சட்டத்தை எடுத்துத் தூசி தட்டுவார், அப்போதும் மாட்டுகிறவர்கள் காய்கறிக்காரர்களும் வெளியூர்க்காரர்களும்தான். ஹெல்மெட் என்று ஒன்று வந்ததற்குப் பிறகு எங்கள் ஊர் அதைத் தலைக்காக வாங்கவில்லை, போனைக் காதோடு சேர்த்துச் செருகி வைக்க வசதியாக இருக்கிறது என்றுதான் வாங்கியது.

அப்படிப்பட்ட ஊருக்கு இன்ஸ்பெக்டர் செங்கமலம் மாற்றலாகி வந்தார். ஒல்லியான உடம்பு, கட்டைக் குரல், யாரைப் பார்த்தாலும் சிரிக்காத முகம். வந்த மறுநாளே மீனுக்குக் கீழே குடையோ நாற்காலியோ இல்லாமல் நின்றுகொண்டு, காதில் போனோடு வருகிற ஒவ்வொருத்தரையும் ஓரங்கட்டச் சொன்னார். ஓரங்கட்டியவர்கள் என்ன செய்தார்கள் என்கிறீர்கள்? போன் பேசியதற்காகப் பிடித்தால் எங்கள் ஊரில் முதலில் செய்கிற காரியம் இன்னொரு போன் போடுவதுதான்.

"மேடம், அண்ணன் லைன்ல இருக்காரு, ஒரு வார்த்தை பேசிடுங்க."

"டியூட்டியில நான் போன் பேசறதில்ல. அண்ணனை நேர்ல வரச் சொல்லு. எதுல வர்றாரு, எப்படி வர்றாருன்னு பார்க்கிறேன்."

இப்படி ஒரு வாரம் முழுக்க அவர் முகத்துக்கு நேராக நீட்டப்பட்ட போன்களில் ஊரிலுள்ள அத்தனை அண்ணன்களும் வரிசையாக லைனில் இருந்தார்கள். வார்டு அண்ணன், வட்ட அண்ணன், வக்கீல் அண்ணன், பத்திரிகை அண்ணன், ஒருத்தன் அவசரத்தில் கேஸ் ஏஜென்சி நம்பரைப் போட்டு நீட்டிவிட்டான். வெயிலும் புகையும் விசிலும் சேர்ந்து செங்கமலத்தின் தொண்டை கட்டிப்போயிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையில்தான், கவுன்சிலரின் மச்சினன் பாண்டித்துரை தன் பெரிய பைக்கில், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு வந்தான். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார். அவனும் பதிலுக்குக் கையைக் காட்டினான், வாசலில் நிற்கிற பிச்சைக்காரரிடம் காட்டுவோமே, கொஞ்சம் இரு, அப்புறம் பார்க்கலாம் என்று, அந்த மாதிரி. காட்டிக்கொண்டே போனில், "வந்துட்டே இருக்கேன் மாமா, வந்துட்டே இருக்கேன்" என்றான்.

செங்கமலம் கத்தவில்லை, கத்துவதற்குத் தொண்டை இல்லை. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "வந்துட்டே இருக்கியா? சரிடா. வந்துட்டே இரு" என்றார்.

அவ்வளவுதான். அவன் வந்துகொண்டே இருந்தான்.

முதல் சுற்றில் யாருக்கும் தெரியவில்லை. பத்தாவது சுற்றில் பூக்காரிக்குத் தெரிந்தது. மார்க்கெட் ரோடு பக்கம் அவன் ஹேண்டிலைத் திருப்பினால் மார்க்கெட் ரோடு கொஞ்சம் நகர்ந்துகொண்டது, பிரேக்கை மிதித்தால் பைக் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, தோளிலிருந்து போனை எடுக்கலாம் என்றால் கழுத்து நிமிரவில்லை. மத்தியானத்துக்குள் அவனுக்குப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. ரவுண்டானாவுக்குள் வந்து போனில் யாரெல்லாம் அந்தச் சொல்லைச் சொன்னார்களோ அவர்களெல்லாம் பாண்டித்துரைக்குப் பின்னால் சேர்ந்து மீனைச் சுற்றினார்கள். இங்கிலீஷில் சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்த காலேஜ் லெக்சரர் ஒருத்தர் "ஆன் தி வே" என்று சொன்ன அதே இடத்தில் மாட்டினார், தெலுங்கில் சொன்ன லாரி டிரைவரும் மாட்டினார். எங்கள் மீனுக்கு எல்லா பாஷையும் தெரிந்திருந்தது.

என் வீட்டுக்காரர் மாட்டியது அன்றைக்கே, பதினோரு மணி வாக்கில்.

நான் அப்போது ஆஸ்பத்திரி ரோட்டிலுள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, தாலிச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். கர்ப்பப்பையில் கட்டி. பயப்படுகிற மாதிரிக் கட்டி இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், ஆனால் மாதக்கணக்கில் ரத்தம் நிற்காமல் போய், மாடிப்படி ஏறினால் கண் இருட்டுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன், இனிமேல் தள்ளிப் போடக் கூடாது என்றும் அவரேதான் சொன்னார். எல்லாம் தயார். ஒரே ஒரு குறை, வரவேற்பில் இருந்த பெண் பேப்பரை நீட்டி, "ஹஸ்பண்ட் சைன் வேணும் ஆன்ட்டி" என்றாள்.

"ஆபரேஷன் எனக்குத்தானேம்மா?"

"ஆமா ஆன்ட்டி. ஆனா ஹஸ்பண்ட் போடணும். இல்லேன்னா மகன். மகன் இருக்காரா?"

"மகள்தான். பெங்களூர்ல பெரிய வேலையில இருக்கா."

"அப்ப ஹஸ்பண்ட்தான்" என்று அவள் முடித்துவிட்டாள்.

ஹஸ்பண்ட் என்பவர் குழந்தைவேலு. நல்ல மனுஷர், குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார், எந்த நல்லது கெட்டதுக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததும் கிடையாது. "நீ ஆட்டோல முன்னால போ, பேங்க்ல ஒரு சின்ன வேலை, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று அன்றைக்கும் என்னை அனுப்பிவிட்டார். நான் போன் போட்டேன்.

"எங்கே இருக்கீங்க?"

"வந்துட்டே இருக்கேன் வத்சலா. இதோ மீன் தெரியுது."

"மீன் வந்துட்டா ரெண்டு நிமிஷம்தானே. சீக்கிரம் வாங்க, தியேட்டர்ல கூப்பிடறாங்க."

"வந்துட்டே இருக்கேன்." கொஞ்ச நேரம் காற்றுச் சத்தம். பிறகு குரல் கொஞ்சம் மாறியது. "வத்சலா, மறுபடியும் மீன் தெரியுது."

கான்வென்ட்டில் எனக்குப் பாடம் எடுத்த சிஸ்டர் ஒருத்தர் இருந்தார், இங்கிலீஷ் கிராமர்ப் புலி, காலங்களைத் தப்பாகச் சொன்னால் ஸ்கேலை நிமிர்த்தி முட்டியில் அடிப்பார். நடந்துகொண்டே இருக்கிறது என்று ஒரு காரியத்தைச் சொன்னால் அது முடியவில்லை என்று அர்த்தம், முடியாத ஒன்றை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, எழுதிக்கொள்ளுங்கள் பெண்களே என்பார். அந்தப் பச்சை அங்கியில் உட்கார்ந்துகொண்டு எனக்கு அவர் ஞாபகம் வந்தது, முட்டி வலித்தது.

அன்று ஆபரேஷன் நடக்கவில்லை. இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுத்து, "ஹஸ்பண்ட் வந்ததும் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஒரு நாள் இரண்டு நாள் ஊர் கொஞ்சம் தடுமாறியது, அதற்கப்புறம் பழகிவிட்டது. எங்கள் ஊர் எதற்குத்தான் பழகவில்லை? சுற்றுகிற வண்டிகளில் பெட்ரோல் தீரவில்லை, போன்களில் சார்ஜ் குறையவில்லை, அவர்கள் கண்ணயர்ந்தால் வண்டிகள் தாமாகவே வழி தெரிந்து சுற்றின. சாப்பாட்டுக்குத்தான் என்ன செய்வது என்று யோசித்தோம். டிபன் காரியர் சரிப்படவில்லை, ஒரு கை ஆக்சிலேட்டரில் இருக்கிறது. இட்லியை நாலாக வெட்டிச் சாம்பாரில் ஊறப்போட்டு, கூடவே ஓடி வாயில் ஊட்ட வேண்டியிருந்தது. வாழைப்பழம் தோதாக இருந்தது. பழக்கடைக்காரன் மீனுக்கு எதிரிலேயே கடையை மாற்றிக்கொண்டான். சாயங்காலமானால் குடும்பங்கள் குடும்பங்களாக வந்து பிளாட்பாரத்தில் உட்கார்ந்து, அவரவர் மனுஷர் வருகிற சுற்றுக்கு எழுந்து நாலு எட்டு ஓடி, மோர் கொடுத்து, மகனின் மார்க்கைச் சொல்லி, மூச்சு வாங்கத் திரும்பி உட்கார்வார்கள். குண்டாக இருந்த பெண்களெல்லாம் கொஞ்சம் இளைத்தார்கள், அது ஒன்றுதான் நல்லது.

ஆபீஸ்களில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தாலுகா ஆபீஸில் ஒரு கிளார்க் சுற்றுகிறவர்களில் ஒருத்தர். அவர் நாற்காலியைக் காட்டி யாராவது கேட்டால் பக்கத்து சீட்காரர், "வந்துட்டே இருக்காரு" என்பார், முன்பும் அதையேதான் சொன்னார். பாண்டித்துரைக்குத்தான் ராஜ மரியாதை. அவன் படத்தைப் போட்டு 'ஓயாமல் சுழன்று மக்கள் பணியாற்றும் தளபதியே' என்று அவன் மாமா ஒரு ஃபிளெக்ஸ் வைத்தார், எதிர்க்கட்சிக்காரர்கள் தங்கள் ஆள் ஒருத்தனையும் உள்ளே அனுப்பி அந்தச் சொல்லைச் சொல்ல வைத்து, அவனுக்கு அதைவிடப் பெரிய ஃபிளெக்ஸ் வைத்தார்கள்.

உண்மையைச் சொன்னால், பெண்களுக்கு இது ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது. யார் புருஷன் எங்கே இருக்கிறான் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. போனை நாம் கட் பண்ணினாலும் அவர்கள் பக்கம் கட் ஆகவில்லை, எப்போது எடுத்துக் காதில் வைத்தாலும் அவர்கள் இருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து "சரி சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிற என் வீட்டுக்காரரிடம் நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் பேசினேன். அவர் தங்கை வளைகாப்பில் என்னைப் பந்தியில் கடைசியாக உட்கார வைத்ததிலிருந்து ஆரம்பித்துச் சாவகாசமாக வந்தேன். அவரால் வைக்க முடியவில்லை. ஒரு நாள், "உனக்கு இவ்வளவு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். இன்னொரு நாள், "ரத்தம் இன்னும் போகுதா?" என்று கேட்டார், அவர் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை, நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

போய்க்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு நர்ஸை அட்டையும் பேப்பருமாக ரவுண்டானாவுக்கு அனுப்பினார்கள். பாவம், அவள் என் வீட்டுக்காரரின் ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே ஓடினாள், "சார், சைன் சார்" என்று. ஒரு கை ஆக்சிலேட்டர், ஒரு கை போன், எதை விடப் பார்த்தாலும் விட வரவில்லை. மறுநாள் மை டப்பாவோடு வந்து, போனைப் பிடித்திருந்த கையின் கட்டை விரலை ஓடிக்கொண்டே உருட்டி எடுத்தாள். அது கைநாட்டு மாதிரி இல்லை, வால் நட்சத்திரம் மாதிரி இழுத்துக்கொண்டு இருந்தது. "இது செல்லாது ஆன்ட்டி" என்றாள் வரவேற்புப் பெண்.

செங்கமலத்தின் பாடுதான் திண்டாட்டம். கண் முன்னால், பட்டப்பகலில், அத்தனை பேர் காதில் போனோடு வண்டி ஓட்டுகிறார்கள், ஒருத்தருக்கும் அபராதம் எழுத முடியவில்லை. வண்டியை நிறுத்தினால்தான் கேஸ், ஓடுகிற வண்டிக்கு ரசீது கொடுக்க அந்த மெஷினில் வழியில்லை. தடுப்புக் கம்பியை வைத்தால் வண்டிகள் தண்ணீர் மாதிரி வளைந்து போயின. மேலே இருந்து, சட்டத்தை அமல்படுத்தச் சொன்னால் ஊரையே சுற்ற விட்டிருக்கிறீர்களே என்று கேட்டார்கள். கவுன்சிலர் மாற்றலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். செங்கமலம் மட்டும் தினமும் மீனுக்குக் கீழே வந்து நின்றார். ஊரில் செல்போன் சட்டம் ஒழுங்காக அமலானதும் அப்போதுதான் என்பதையும் சொல்ல வேண்டும்: பயத்தில் வெளியே இருந்த ஒருத்தன்கூட வண்டியில் போனைத் தொடவில்லை, தெருமுனையிலேயே இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு, பேசி முடித்துவிட்டுத்தான் ஏறினார்கள்.

இதற்குப் பரிகாரம் சொன்னவர் ரிட்டையர்டு தமிழாசிரியர் புலவர் தணிகாசலம். வருகிறேன் என்ற சொல்லால் கட்டுண்டவர்களை வர வேண்டாம் என்ற சொல்தான் அவிழ்க்கும் என்று நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னார். யாருக்காக வருகிறார்களோ அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை காலை பெண்களெல்லாம் தலைக்குக் குளித்து, பிளாட்பாரத்தில் வரிசையாக நின்று, போனைக் காதில் வைத்துச் சொன்னார்கள்.

"நீங்க ஒண்ணும் வர வேண்டாம்!"

"வரவே வேண்டாம், போங்க!"

"யாரு வரச் சொன்னா? அங்கேயே கெடங்க!"

ஒரு வண்டியும் நிற்கவில்லை. நிற்காது. எங்கள் ஊரில் ஒரு பெண் தன் புருஷனிடம் 'நீங்க ஒண்ணும் வர வேண்டாம்' என்று சொன்னால் 'இன்னும் ஏன் வரவில்லை' என்று அர்த்தம், 'வரவே வேண்டாம்' என்றால் 'வரும்போது பூ வாங்கிக்கொண்டு வா' என்று அர்த்தம். புலவருக்கு இலக்கணம் தெரிந்த அளவுக்கு வீட்டுப் பேச்சு தெரியவில்லை. மீனுக்குத் தெரிந்திருந்தது. வாயில் வந்ததை விட்டுவிட்டு மனசில் இருந்ததை அது கேட்டுக்கொண்டது.

வரிசையில் கடைசியாக நின்ற ஜெசிந்தா டீச்சர் மட்டும் குரலை உயர்த்தவில்லை. "அமல்ராஜ், வர வேண்டாம்" என்று, பால்காரரிடம் நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். அமல்ராஜின் பைக் அடுத்த நொடியே வட்டத்தை விட்டுப் பிய்த்துக்கொண்டு, வீடு இருக்கிற திசைக்கு நேர் எதிராக, பைபாஸ் ரோட்டில் போயே போய்விட்டது. அவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருந்தது எல்லோருக்கும் தெரியும். டீச்சர் போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு வாய் அடைத்துவிட்டது. புருஷன் வெளியே வந்துவிட்டால், அவன் எனக்குத் தேவையில்லை என்று இவள் மனசாரச் சொன்னாள் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே! மாமியார் என்ன சொல்வாள், நாத்தனார் என்ன சொல்வாள், வெளியே வந்தவன் எந்தப் பக்கம் ஹேண்டிலைத் திருப்புவான்? "சுத்தட்டும்க்கா, கண்ணு முன்னாடிதானே சுத்துறாரு" என்றாள் எனக்குப் பக்கத்தில் நின்றவள், வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே. பாண்டித்துரையின் மாமாவும் சொல்லிப் பார்த்தார், ஆனால் ஃபிளெக்ஸுக்குக் கட்டிய வாடகையில் இன்னும் பதினைந்து நாள் பாக்கி இருந்ததால் அவர் அதை மனசாரச் சொல்லவில்லை.

நானும் அந்த வரிசையில் நின்று சொன்னவள்தான். சொல்லும்போதே எனக்குத் தெரியும். வாய் வர வேண்டாம் என்றது, கைப்பையில் ஆஸ்பத்திரியில் மறுபடி கொடுத்த புதுப் பேப்பர் நாலாக மடித்துக் கிடந்தது, அதில் அவர் கையெழுத்துக்கான இடம் வெள்ளையாக இருந்தது. அந்தப் பேப்பர் இருக்கிற வரைக்கும் நான் எப்படி அவரை வர வேண்டாம் என்று நினைக்க முடியும்?

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் அவருக்கு மோர் கொடுக்கப் போனபோது, எழுந்து ஓட நினைத்தேன், கால் வரவில்லை. மீன் இரண்டாகத் தெரிந்தது. விழுவதற்கு முன்னால் யாரோ பிடித்து உட்கார வைத்தார்கள். செங்கமலம். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்து, என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லையேக்கா" என்றார்.

"எல்லாம் உங்க உபயம்தான்" என்றேன். உடம்பு முடியாத நேரத்திலும் எனக்கு நாக்கு ஓய்வதில்லை. "நீங்க பாட்டுக்கு வந்துட்டே இருன்னு சொல்லிட்டீங்க. அவர் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் எனக்கு ஆபரேஷன்."

"எதுல கையெழுத்து?"

பேப்பரைக் கொடுத்தேன். அவர் அதை, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி, முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார்.

"வயிறு யாரோடது?"

"என்னுது."

"உங்களுக்குப் புத்தி சுவாதீனம் இருக்கா?"

"இருபத்துநாலு மணி நேரமும் இருக்கு, அதுதான் என் கஷ்டமே."

"அப்ப இவர் எதுக்குப் போடணும்? எந்தச் சட்டத்துல இருக்கு?"

நான், ஷேக்ஸ்பியரிலிருந்து ஷெல்லி வரை மனப்பாடம் பண்ணியவள், கேஸ் சிலிண்டர் ஒரு நாள் லேட்டானால் ஏஜென்சி மேனேஜரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பவள், இந்த ஒரு கேள்வியை யாரிடமும் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண் பேப்பரை நீட்டினாள், நான் போனை எடுத்தேன், அவ்வளவுதான் நடந்தது.

செங்கமலம் ஜீப்பில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வரவேற்புப் பெண் யூனிஃபார்மைப் பார்த்து எழுந்து நின்றாள்.

"இவங்க கையெழுத்து ஏன் செல்லாது? ரூலைக் காட்டும்மா, படிக்கிறேன்."

"ரூல்னு இல்ல மேடம்..." அவள் இழுத்தாள். "அது ஒரு பழக்கம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"இதைத்தான் அங்க போன் பேசிட்டு வண்டி ஓட்டறவனும் சொல்றான்" என்றார் செங்கமலம். "டாக்டரைக் கூப்பிடு."

டாக்டரம்மா வந்தார், பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். "நீங்க போட்டாப் போதும்" என்றார். அங்கேயே, அந்த மேஜையின் மேலேயே, என் வீட்டுக்காரருக்கென்று விட்டிருந்த வெள்ளை இடத்தில், கான்வென்ட்டில் பழக்கிய சாய்வெழுத்தில், வத்சலா என்று போட்டேன். ரொம்ப சின்னப் பேர். நாலு எழுத்து. இதற்காகவா இத்தனை நாள் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. அன்றைக்கே சேர்த்துக்கொண்டு ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலை பச்சை அங்கி, கைக்குட்டையில் தாலி, காலி வயிறு, ஜன்னலுக்கு வெளியே வெயில். தள்ளு வண்டி வருவதற்கு முன்னால் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"மீன் தெரியுது" என்றார் அவர். பழக்கத்தில் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"கையெழுத்து நானே போட்டுட்டேங்க. இப்ப தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்க."

காற்றுச் சத்தம். "நீயே போட்டா ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்க."

"அப்ப நான்..."

"நீங்க வர வேண்டாம்."

"கோபமா இருக்கியா வத்சலா?"

யோசித்துப் பார்த்தேன். மனசின் மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்த்தேன், வளைகாப்புப் பந்தி வரைக்கும் தேடினேன். "இல்லை. நிஜமாத்தான் சொல்றேன். வர வேண்டாம். ஜாக்கிரதையா ஓட்டுங்க."

என் கையிலிருந்த போனில், அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணியிலிருந்து முதல் தடவையாக, டொக் என்று ஒரு சத்தம் வந்தது. லைன் கட் ஆகிவிட்டது. வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் போனை வாங்கி டிராயரில் வைத்தாள், என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள், மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின, எனக்கு யாரையும் எதிர்பார்க்க வேண்டியிருக்கவில்லை. அது பயமாகவும் இருந்தது, நன்றாகவும் இருந்தது.

மயக்கம் தெளிந்தபோது முதலில் வலி வந்தது, பிறகு பினாயில் வாசனை வந்தது, பிறகு கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் ஒரு ஆள் தலையை இடது தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. கழுத்து அப்படியே நின்றுவிட்டதாம், பிசியோதெரபி பார்க்க வேண்டுமாம். சட்டைப் பையில் ஒரு சீட்டு துருத்திக்கொண்டிருந்தது.

வட்டத்தை விட்டு ஆஸ்பத்திரி ரோட்டுக்குள் ஸ்கூட்டர் நுழைந்ததுமே செங்கமலம் கையைக் காட்டி ஓரங்கட்டச் சொன்னாராம். வண்டி நின்றதாம். அன்று அவருக்கு மாற்றல் ஆர்டர் கையில் வந்த நாள், இந்தச் சுற்றல் ஆரம்பித்த பிறகு அவர் எழுதிய முதலும் கடைசியுமான செல்போன் அபராதம் என் வீட்டுக்காரருக்குத்தான். எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "யாருக்காவது போன் பண்ணணுமா சார்?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன். நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது.

"வேண்டாம்மான்னு சொல்லிட்டு, கட்டிட்டு, வண்டியைத் தள்ளிக்கிட்டே வந்தேன்." சாய்ந்த தலையோடு அவர் என்னைப் பார்த்தார். ஸ்பூனில் தண்ணீர் எடுத்து என் உதட்டை நனைத்தார், பாதி கழுத்தில் வழிந்தது.

"யாரு உங்களை வரச் சொன்னா?"

"யாரும் சொல்லலை." ஸ்பூனை டம்ளருக்குள் போட்டார். பிறகு, யாரும் கேட்காமலேயே, "வந்துட்டேன் வத்சலா" என்றார்.

அந்த மனுஷர் விஷயத்தில் ஆள் முதலில் வந்து, சொல் பின்னால் வந்தது அன்றைக்குத்தான்.